பாக் பொனிஜோவின் வெள்ளை மூடிக் குப்பிகள்

"கள உதவியாளர் (மாதிரிப் போக்குவரத்து). செவிலியத்திலோ பொதுச் சுகாதாரத்திலோ பட்டயம் பெற்றிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேற்படலாகாது. புகைப் பழக்கம் இல்லாதவராகவும், தாய்மார்களிடம் மென்மையாகப் பேசும் இயல்பினராகவும் இருத்தல் வேண்டும். சேகரித்த மாதிரிகளைத் திறத்தல், ஆராய்தல், அவை குறித்துக் கருத்துக் கூறுதல் ஆகியவை இப்பணிக்கு உரியவை அல்ல."

இந்தப் பதவியை இரண்டு ஆண்டுகள் வகித்த பாக் பொனிஜோ (பாக் என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா), காலை வெயிலில் ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் நின்று, வெள்ளை மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பியைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, மெதுவாகத் திருப்புவார். வைரம் பார்ப்பவரைப் போல என்று எழுதலாம். ஆனால் அவர் வைரம் பார்த்தவரில்லை, மாடு பார்த்தவர். மாட்டை அவர் சுற்றி வர வேண்டியிருந்தது. குப்பியைத் தன் முன்னால் சுற்ற வைத்தார். உதட்டில் கிராம்பு சிகரெட் புகையும். வயது ஐம்பத்தாறு. படிப்பு மூன்றாம் வகுப்பு. கையில் இருந்த ஒரே சான்றிதழ் மோட்டார் சைக்கிள் உரிமம். தாய்மார்களிடம் மென்மையாகப் பேசுவார் என்பதற்கான ஆதாரம், முப்பது வருடம் பசுக்களிடம் பேசிப் பழகியது.

"தொறக்கக் கூடாதுன்னாங்க, தொறக்கல. ஆராயக் கூடாதுன்னாங்க, நான் என்ன பூதக்கண்ணாடியா வெச்சிருக்கேன்? வெயில்ல பிடிச்சா அதுவாத் தெரியுது. வேணும்னா சூரியன்கிட்டப் போய் விளக்கம் கேளுங்க" என்பார்.

இருபது வருடங்களுக்கு முன், ஜாவாவின் தெற்கே குனுங்கிதுல் சுண்ணாம்புக் குன்றுகளில் நாங்கள் நடத்திய ஆய்வு மிக எளிமையானது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான இருநூற்று நாற்பது குழந்தைகள். பாதிப் பேருக்குத் தினமும் கஞ்சியில் கலந்து கொடுக்க, குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் சேர்த்த பொடி. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே பொட்டலத்தில், வெறும் மாவு. எந்தக் குழந்தைக்கு எது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆய்வின் தலைவியான டாக்டர் ஹந்தயானிக்கும் தெரியாது. வீட்டில் தாய்மார்கள், அன்று குழந்தைக்கு எப்படிப் போனது என்று, ஒரு அட்டையில் தினமும் ஒரு படத்தின் மேல் குறி இட வேண்டும். நான்கு படங்கள்: உருண்டை, வாழைப்பழம், கூழ், தண்ணீர். மாதம் ஒருமுறை, குழந்தை போனதில் ஒரு கரண்டி அளவு குப்பியில் போட்டுத் தர வேண்டும். அது பனிக்கட்டிப் பெட்டியில் ஏறி, மாலை நான்கு மணிக்குள் அலுவலகம் வந்து, அங்கிருந்து நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும். வயிறு சரியாக இருந்தால் குழந்தை வளரும், சிரிக்கும், விளையாடும் என்பதுதான் நிரூபிக்கப்பட வேண்டியது. "இதைக் கண்டுபிடிக்கவா டாக்டருக்குப் படிச்சாங்க?" என்று அலுவலகத்துக்கு எதிரே தேநீர் விற்ற அம்மாள் கேட்டாள். அவள் கேள்விக்கு ஆய்வுத் திட்டத்தின் தொண்ணூறு பக்கங்களில் பதில் இல்லை.

அலுவலகம் ஒரு பழைய நெல் கிடங்கு. எவ்வளவு கழுவியும் உமி வாசனை போகவில்லை. நான் கணினி அறையில் இருந்தேன்; அட்டைகளில் உள்ள படங்களை எண்களாக மாற்றுவது என் வேலை. மின்சாரம் போனால் ஜெனரேட்டரைப் போட எல்லோரும் ஓடுவோம். குளிர்பெட்டியில் இருப்பதைக் காப்பாற்ற. எதைக் காப்பாற்ற ஓடுகிறோம் என்று யாராவது நினைவூட்டினால் பாதி வழியில் நின்று சிரிப்போம். அந்தக் கிடங்கில் சிரித்த அளவு அப்புறம் நான் வேலை பார்த்த குளிரூட்டிய கட்டடங்களில் யாரும் சிரித்துப் பார்க்கவில்லை.

பொனிஜோவுக்கு முன் பட்டயம் பெற்ற மூன்று பேர் அந்த வேலையில் சேர்ந்தார்கள். முதலாமவர் மூன்று நாள் தாங்கினார். இரண்டாமவர், பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன வேலை என்று கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாமவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர், இன்னும் வரவில்லை. நான்காவதாக, விளம்பரத்தையே பார்க்காத பொனிஜோ, யாரோ சொல்லி வந்து நின்றார்.

"என்ன வேலைன்னு தெரியுமா பாக்?" என்று டாக்டர் ஹந்தயானி கேட்டார்.

"சாணி அள்றது."

"குழந்தைங்களோடது."

"கன்னுக்குட்டியோடதுன்னு வெச்சுக்கறேன் இபு. வாசனையில என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப் போகுது?"

டாக்டரை அவர் இபு, அதாவது அம்மா, என்றே அழைப்பார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பொனிஜோவுக்கு அந்தக் குன்றுகளில் தெரியாத வீடு கிடையாது. ஏதாவது ஒரு காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாடு விற்றிருந்தார். ஐந்து நாள் கொண்ட ஜாவா வாரத்தில் போன் என்னும் சந்தை நாளில் பிறந்ததால் பொனிஜோ என்று பெயர். சந்தையிலேயே வளர்ந்து, சந்தையிலேயே தரகராகி, ஒருநாள் திடீரென்று அதை விட்டவர். ஏன் விட்டார் என்று கேட்டால் "கால் வலி" என்பார். அதே காலோடுதான் தினமும் நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி, குன்றுகளில் ஏறி இறங்கினார்.

மாட்டுத் தரகரின் பேச்சை நம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பொனிஜோவும் ஒத்துக்கொள்வார். "பொய் சொல்லாத தரகன், பால் குடுக்காத பசு. ரெண்டையும் யாரும் வீட்ல வெச்சுக்க மாட்டாங்க." கையைப் பிடித்தாரென்றால் எதிராளி "சரி" என்று சொல்லும்வரை விடமாட்டார். அந்தப் பழக்கம் இங்கேயும் தொடர்ந்தது. ஆய்வில் சேரத் தயங்கிய ஒரு தாயின் மாமியாரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சம்மதிக்க வைத்தது, ஒப்புதல் படிவத்தின் பிரிவு ஐந்துக்கு முற்றிலும் விரோதமானது. நல்ல வேளையாக மாமியாரின் சம்மதம் எந்தப் பிரிவிலும் தேவைப்படவில்லை.

பயிற்சி வகுப்பு ஒன்று நினைவிருக்கிறது. வயிற்றுப்போக்கால் உடம்பில் நீர் வற்றிய குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று டாக்டர் செவிலியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளி விட வேண்டும். மடிப்பு உடனே மறைந்தால் பயமில்லை, அப்படியே நின்றால் ஆபத்து. பெட்டியைக் கழுவிவிட்டுப் பின் வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்த பொனிஜோ கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"நாங்க கழுத்துல கிள்ளுவோம் இபு."

"எங்க?"

"சந்தையில. தோல் நின்னுச்சுன்னா அந்த மாட்டை வாங்க மாட்டோம். ரெண்டு நாளு தாங்கினா பெருசு."

டாக்டர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "பாக் பொனிஜோ சொல்றது சரிதான்," என்றார். பட்டயம் பெற்ற செவிலியர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

முதல் நான்கு மாதங்கள் ஆய்வு அற்புதமாக நடந்தது. அட்டைக்கு மேல் அட்டை வந்தது; எல்லாவற்றிலும் வாழைப்பழம். இருநூற்று நாற்பது குழந்தைகளும், தண்ணீருக்கு வாரக் கணக்கில் லாரியை எதிர்பார்த்திருக்கும் அந்த வறண்ட குன்றுகளில், நாள் தவறாமல் வாழைப்பழமாகவே போய்க்கொண்டிருந்தார்கள். குப்பிகளும் அதையே சொல்லின. நகரத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பொடி வேலை செய்கிறது என்றார்கள். வெறும் மாவும் அதே அளவுக்கு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதை நான் யோசித்தேன்; ஆனால் யோசிப்பது என் பணி விவரத்திலும் இல்லை.

எங்கள் மக்களின் இயல்பு அப்படி. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாது. விருந்தாளிக்கு மட்டமானதைக் கொடுக்கத் தெரியாது. டாக்டரம்மா அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார், அவருக்குப் போய் தண்ணியாக இருப்பதைக் கொடுப்பதா? வெறும் அதை மட்டும் கொடுத்தனுப்பவும் மனசு வராது. குப்பியோடு நாலு வாழைப்பழம், அவித்த மரவள்ளிக் கிழங்கு, ஒருமுறை உயிருள்ள சேவல். மாதிரிப் பெட்டியில் உணவுப் பொருள் வைக்கக் கூடாது என்று நான் சுற்றறிக்கை அடித்தேன். பொனிஜோ சேவலை வண்டிக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு வந்தார். அது பெட்டிக்கு வெளியே இருந்தது.

ஐந்தாம் மாதம், வறட்சி உச்சத்தில் இருந்த ஒரு காலை, கிளம்புவதற்கு முன் அவர் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். என்னை மாஸ் என்பார், தம்பி என்பது போல.

"மாஸ், பத்து மாசக் குழந்தை மிளகாய் திங்குமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"வினார்சி பையன் பாயு. கராங்லோர்ல. பல்லு ரெண்டே ரெண்டு. கஞ்சியும் தாய்ப்பாலும்தான். போன மாசக் குப்பியில மிளகாய் விதை. அதுக்கு முந்தின மாசமும்."

"திறந்தீங்களா?"

"சூரியன்தான்."

நான் அப்போது இளைஞன்; விதிகளை எழுதியவன் நானே என்பதுபோல அவற்றை நேசித்தேன். "பாக், கருத்துச் சொல்றது உங்க வேலை இல்ல. ஆய்வுக்கூடத்துல பார்த்துப்பாங்க," என்றேன். ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் முதலில் அரைத்துக் கலக்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மிக மரியாதையாகத் தலையை அசைத்தார். "சரிதான் மாஸ்," என்றார். பெட்டியை வண்டியில் வைத்து, ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு போனார். அன்று அவர் பட்டியலில் கடைசி வீடு வினார்சியுடையது.

மாலை நான்கு மணிக்குப் பெட்டி வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. டாக்டர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நகரத்துக்குப் போக வேண்டிய வண்டி காத்திருந்து பார்த்துவிட்டு வெறுமனே போனது.

மறுநாள் காலை பொனிஜோ பெட்டியோடு வந்தார். பனிக்கட்டி உருகி வெறும் தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பதினொரு குப்பிகள். ஒன்றும் ஆய்வுக்கு உதவாது. என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார்.

"மறந்துட்டேன் இபு."

"என்னத்தை மறந்தீங்க?"

"பெட்டியை."

"பாக், பெட்டியைத் தவிர உங்களுக்கு வேற வேலையே கிடையாதே!"

"வயசாச்சில்ல இபு," என்று அவர் தலையைச் சொறிந்தார்.

எழுத்து மூலமான எச்சரிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, மாதிரிப் பெட்டியை உரிய கவனமின்றி வழியில் விட்டுச் சென்றது. இரண்டு, அன்று மதியம் வொனோசாரி கடைவீதியில் அவர் ஆய்வின் சீருடைச் சட்டை இல்லாமல் வெறும் பனியனோடு வண்டி ஓட்டியதை எங்கள் அலுவலகப் பெண் ஒருவர் பார்த்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று கேட்டேன்.

"மறதின்னு போடுங்க மாஸ். ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணே போதும்."

மூன்றாம் நாள் வேறொரு தாள் வந்தது. ஆய்வில் உள்ள ஒரு குழந்தை வொனோசாரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் எங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்ற ஏற்பாடு. பாயு, பத்து மாதம், கடுமையான நீரிழப்பு. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் கடினம் என்று பணி மருத்துவர் ஓரத்தில் எழுதியிருந்தார். அழைத்து வந்தவர்: தாயின் பெரியப்பா. நான் அதை மருத்துவமனைக் கோப்பில் வைத்தேன். எச்சரிக்கைக் கடிதம் பணியாளர் கோப்பில் இருந்தது. இரண்டு தாள்களிலும் சம்பவத் தேதி ஒன்றே. ஆனால் கோப்புகள் வெவ்வேறு அலமாரியில் இருந்ததால் அவை சந்தித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் பொனிஜோ தானாகவே டாக்டரின் அறைக் கதவைத் தட்டினார். பணியில் சேர்ந்தபின் மாதிரிகள் குறித்து அவர் டாக்டரிடம் சொன்ன முதல் கருத்து அது.

"இபு, சந்தையில ஒரு வரிசை மாடு முழுக்கக் கொழுகொழுன்னு நின்னா நாங்க வாங்க மாட்டோம்."

"ஏன் பாக்?"

"ஒண்ணாவது சொங்கியா இருக்கணும். இல்லாட்டி யாரோ எதையோ மறைக்கறாங்கன்னு அர்த்தம். உங்களுக்கு அஞ்சு மாசமா நல்ல சரக்கு மட்டுமே வருது. பெத்தவங்க வெக்கப்படறாங்க இபு. நல்லதை எங்கேருந்தாவது கொண்டாந்து போடுவாங்க. அவங்க பொய் சொல்லல. மரியாதை பண்றாங்க."

"எந்த வீட்ல?"

"எல்லா வீட்லயும்னு வெச்சுக்குங்க," என்றார் பொனிஜோ. எவ்வளவு கேட்டும் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் ஹந்தயானி நான்கு மாதத்துப் பாராட்டுக் கடிதத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிறகு, "என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க," என்றார். தொண்ணூறு பக்கத் திட்டத்தை எழுதியவர் மூன்றாம் வகுப்பு படித்தவரிடம் கேட்டது அது. டாக்டரை நான் மறக்காமலிருப்பது அதற்காகத்தான்.

பொனிஜோ தன் தொழிலைக் காட்டினார். குன்று குன்றாகப் போய், தரகர் குரலில் சரக்கைப் புகழ ஆரம்பித்தார், கெட்ட சரக்கை. "நல்லது எங்ககிட்ட மலையாக் குவிஞ்சு கெடக்கும்மா. இனிமே வெக்க இடமில்ல. டாக்டரம்மா தண்ணியாப் போறதுக்குத்தான் ஏங்கிப் போயிருக்காங்க. யார் வீட்ல இருக்கோ அவங்களுக்கு அவங்களே நேர்ல வந்து நன்றி சொல்வாங்களாம்." முற்றிலும் பொய். ஆனால் டாக்டர் அதை உண்மையாக்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போனார், கூடவே உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடும் செவிலியரோடும். இரண்டே வாரத்தில், பொனிஜோவின் வண்டிச் சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாய்மார்கள் கூவ ஆரம்பித்தார்கள். "பாக், எங்க வீட்ல இன்னிக்குத் தண்ணி!" அடுத்த வேலியிலிருந்து பதில் வரும். "பீத்திக்காதே, எங்களுக்கு மூணு நாளா!"

ஆறாம் மாதத்து எண்களைப் பார்த்து நகரம் பதறியது. குனுங்கிதுலில் பெரும் தொற்று பரவிவிட்டதென்று ஒரு குழுவை அனுப்பினார்கள். குழு வந்து, எங்களோடு சாப்பிட்டுவிட்டு, பரவியிருப்பது உண்மை மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போனது. பழைய அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். பொடி சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. இரு சாராருமே குன்றின் மற்றக் குழந்தைகளைவிட நன்றாக வளர்ந்தார்கள். அதற்கு ஆய்வறிக்கை மூன்று காரணங்களை ஊகித்தது. மாதா மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்து, குழந்தைக்கு எப்படிப் போகிறது என்று உண்மையான ஆவலோடு கேட்டது அந்த மூன்றில் இல்லை. பொனிஜோவைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி வருகிறது: "மாதிரி சேகரிப்பு முறை ஐந்தாம் மாதத்தில் சமூகப் பங்கேற்புடன் மாற்றியமைக்கப்பட்டது." சமூகம் அப்போது கிராம்பு சிகரெட் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது.

கிடங்கு இப்போது தொலைபேசிக் கடையாகிவிட்டது. மீந்துபோன குப்பிகளை ஆய்வு முடிந்தபோது வீடுகளுக்குக் கொடுத்தோம். இன்றைக்கும் அந்தக் குன்றுகளில் எந்தச் சமையலறைக்குப் போனாலும் வெள்ளை மூடிக் குப்பியில் உப்போ சர்க்கரையோ இருக்கிறது. பயன்படுத்தாத குப்பிகளைத்தான் கொடுத்தோம் என்று விருந்தாளிகளிடம் நான் இரண்டு முறை சொல்வேன்.

பொனிஜோவுக்கு எழுபத்தாறு வயதாகிறது. போன் நாட்களில் சந்தைக்குப் போகிறார். விற்க எதுவுமில்லை, வாங்கவும் இல்லை. தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்து, போகிற மாட்டையெல்லாம் பின்னாலிருந்து பார்க்கிறார். வாங்க வந்தவர் யாராவது ஏமாறப் போகிறார் என்று பட்டால் இருமுவார். தரகர்களுக்கு அந்த இருமல் பிடிக்காது.

போன வருடம் கராங்லோரில் ஒரு கல்யாணம். பொனிஜோ கடைவாயில் சிரிப்போடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தினார். "மாப்பிள்ளை, பயப்படாம கட்டிக்குங்க. இந்தப் பொண்ணை நாலு வயசுலேருந்து எனக்கு உள்ளும் புறமும் தெரியும். முதல் தரம்." பந்தல் முழுக்கச் சிரித்தது. மணப்பெண் முகத்தை மூடிக்கொண்டாள். நாலு வயதுப் பெண் எங்கள் ஆய்வில் எப்படி வந்தாள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் கரண்டியோடு என்னருகே உட்கார்ந்தாள். வினார்சி.

"என் குப்பியில இருந்தது இவளுதுதான் மாஸ். மிளகாய் இல்லாம சோறு எறங்காது இவளுக்கு. மூணு மாசம் இவங்க வீட்லதான் கடன் கேட்டு வாங்கிப் போட்டேன்," என்றாள். இருபது வருடமாகியும் காதுவரை சிவந்தாள். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னாள்.

அன்றைக்குப் பொனிஜோ வந்தபோது அவள் வழக்கம்போலக் குப்பியை வாழைப்பழத்தோடு கொடுத்தாள். அவர் அதை வெயிலில் தூக்கிப் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"மகளே, ஒரு கதை சொல்றேன். கேட்டுட்டு என்மேல துப்பணும்னா துப்பு."

"ஐயோ பெரியப்பா, என்ன பேச்சு இது."

"நான் தரகனா இருந்தப்போ ஒரு கிடாரிய விக்கக் கொண்டு போனேன். காலையிலேருந்து அதுக்குத் தண்ணியாக் கழியுது. வாலைக் கழுவிவிட்டேன். பக்கத்துல வேற ஒரு மாடு நல்லாக் கெட்டியாப் போட்டிருந்துச்சு. அதை அள்ளியாந்து என் மாட்டுக்குப் பின்னாடி வெச்சேன். வாங்க வந்தவர் வாலைப் பார்த்தார், கீழே பார்த்தார், சந்தோசமா ஓட்டிக்கிட்டுப் போனார். நாலாம் நாள் செத்துப்போச்சு."

வினார்சி வாழைப்பழத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவர் வந்து சண்டை போடுவார்னு பார்த்தேன். வரல. அடுத்த சந்தையில எதிர்ல வந்தார். மரியாதையாத் தலையை அசைச்சு, 'சௌக்கியமா பாக்?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். ஒரு அறை விட்டிருந்தார்னா நான் இன்னிக்கும் தரகனாத்தான் இருப்பேன். அந்தத் தலையசைப்புக்கு அப்புறம் என்னால ஒரு மாட்டுக் கயித்தைப் பிடிக்க முடியல." அவர் குப்பியைத் தரையில் வைத்தார். "இதுலயும் மிளகாய் விதை இருக்கும் மகளே. போன மாசமும் இருந்துச்சு. நான் யார்கிட்டயும் பேர் சொல்ல மாட்டேன். இந்த வேலை எனக்குத் தெரிஞ்ச வேலைங்கறதால கேக்கறேன். பையன் எங்க?"

அவள் உள்ளே போய்ப் பாயுவைத் தூக்கி வந்தாள். மூன்று நாளாக நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாளிலிருந்து அவன் அழவும் இல்லை. அழாததால் தேவலை என்று நினைத்திருந்தாள். கணவன் ஜகார்த்தாவில் கட்டட வேலையில். அந்த நேரத்தில் குன்றில் வேறு வண்டி கிடையாது. பொனிஜோ அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு நின்றது.

கோப்பில் மறதி என்று இருக்கிறது. தட்டச்சு செய்தவன் நான். அவர் மறக்கவில்லை. வண்டியின் பின்னால் கட்டியிருந்த ரப்பர் கயிற்றை அவிழ்த்தார். பத்து வீட்டுக் குப்பிகளோடு வினார்சி கொடுத்த பதினொன்றாவதையும் பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியைத் தூக்கிப் பலாமரத்து நிழலில் வைத்தார். நான்கைந்து அடி நடந்தவர், நிழல் நகரும் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி வந்து சீருடைச் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார். பிறகு வண்டியில் பெட்டி இருந்த இடத்தில் வினார்சியை உட்காரவைத்து, அவள் மடியில் பாயுவைக் கொடுத்து, பனியனோடு வொனோசாரிக்கு வண்டியை ஓட்டினார்.